கசப்பு போன இடம்

கோணக்கொம்பி சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றது. முட்டவில்லை, உரசவில்லை. சுவர் சாய்ந்துவிடாமல் தாங்குவதற்கு அதை யாரோ கூலிக்கு நிறுத்தியது போல நின்றது. பால் கறக்க வந்த ஏனம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அதன் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சதை மஞ்சளாக இருந்தது.

“இதுவுமா?” என்றாள்.

ஆறு நாளைக்கு முன் சாம்பல் செத்தது. நேற்று முன்தினம் வெள்ளைக்காது. மூன்றும் வாசல் பக்கத்துப் பட்டியில் நின்ற ஆடுகள். உள்பட்டியில் இருந்த பதினைந்தும் வாயை அசைத்துக்கொண்டு, இங்கே என்ன கூத்து என்று எட்டிப் பார்த்தன.

ஏனம்மா என்பது அவளுக்கு மாமனார் வைத்த பெயர். கல்யாணமாகி வந்த முதல் வாரமே வைத்துவிட்டார். தண்ணீர்த் தொட்டியை ஏன் வெயிலில் வைத்திருக்கிறீர்கள், கிடாவை ஏன் தனியாகக் கட்டுகிறீர்கள், ஆடு ஏன் ஈரப் புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “இந்தா வந்துட்டா நம்ம ஏனம்மா” என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆண் கேள்வி கேட்டால் விவரமானவன் என்பார்கள். பெண் கேட்டால் பட்டப்பெயர் கிடைக்கும்.

அந்த ஊரில் பனிக்காலம் நான்கு மாதம். முதல் பனி விழுந்து தரை மூடிவிட்டால் ஆடு மேய ஒரு பச்சை இருக்காது. அதற்கு முன் சேர்த்து வைத்ததுதான். காசுள்ளவர்கள் லாரியில் வைக்கோல் இறக்குவார்கள். இந்த வீட்டில் வேலியோரம், ஓடைக்கரை, ரயில் பாதை மேடு என்று தானாக முளைத்துக் கிடப்பதை வெட்டிக் காயவைப்பார்கள். மல்பெரிக் கிளை, காட்டுக்கொடி, முள்செடித் தளிர். பனி ஈரம் உலர்ந்த பிறகு வெட்ட வேண்டும், விதை பிடிப்பதற்கு முன் வெட்ட வேண்டும். அரை நாள் நிழலில் வாடவிட்டு, ஒரு கைப்பிடி பருமனுக்குக் கட்டுக் கட்டி, காம்பு மேலே இலை கீழே என்று பரணில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் இலை வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். காற்று ஓடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். காம்பை வளைத்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் காய்ந்தது என்று கணக்கு.

இதில் காஞ்சொறியைக் கொண்டுவந்து சேர்த்தது ஏனம்மா.

பட்டாலே அரிக்கும் காஞ்சொறியை எந்த ஆடும் பச்சையாகத் தொடாது. மூக்கில் பட்டால் துள்ளிக்கொண்டு ஓடும். நான்கு வருடத்துக்கு முன், வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த காஞ்சொறி ஒரு வாரம் கழித்துக் காணாமல் போனது. யார் எடுத்தது என்று அவள் ஒரு மத்தியானம் முழுக்கக் காவல் இருந்தாள். எடுத்தது வேறு யாருமில்லை, கோணக்கொம்பிதான். காய்ந்ததை அப்பளம் தின்பது போல மொறுமொறுவென்று தின்றது. அன்றைக்கு அவள் புருஷனின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய், பச்சை இலையையும் காய்ந்த இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பச்சையில் கண்ணாடி ஊசி போல முடி நிமிர்ந்து நின்றது. காய்ந்ததில் அந்த முடியெல்லாம் சுருண்டு படுத்திருந்தது. விரலால் தேய்த்தாள். தவிடாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரே ஒரு ஆட்டுக்குப் பத்து நாள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்குப் போட்டாள்.

மறு வருடம் பழைய காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டு நூற்றைம்பது கட்டு வெட்டினாள். அந்தப் பனிக்காலத்தில் பால் குறையவே இல்லை. தீவனக் கடையில் மாமனார் சொன்னார்: “காஞ்சொறியைக் காயவச்சுப் போடலாம்னு நான்தான் கண்டுபிடிச்சேன்.”

அவள் அப்போது தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் அவரைப் பெருமையாகப் பார்த்தார். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இப்போது இரண்டு ஆடு செத்ததும் ‘நான்தான்’ இடம் மாறிவிட்டது.

“நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார் மாமனார். கட்டிலில் உட்கார்ந்து வலது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்த மேஸ்திரி. முழங்கால் போன பிறகு ஆடுதான் அவருக்கு வேலை. “ஆடு வேணாம்னு ஒதுக்குறதை அது வாயில திணிச்சா என்ன ஆகும்? இதெல்லாம் இவ ஆராய்ச்சி.”

“நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?” என்றாள் அவர் மனைவி, ஏனம்மாவின் அத்தை, மாவு சலித்துக்கொண்டே. “ஊரெல்லாம் சொன்னீங்களே.”

“நீ சும்மா இரு.”

“நான் சும்மாதான் இருக்கேன். கைதான் சலிக்குது.”

பதினோரு மணிக்கு ஆட்டு டாக்டர் வந்தார். சின்னப் பெண், பெரிய ரப்பர் காலணி. கோணக்கொம்பியின் வயிற்றைத் தட்டினார், வாயைத் திறந்து பார்த்தார், புழுக்கையைக் குச்சியால் கிளறினார்.

“கல்லீரல் போயிட்டிருக்கு. ஒரே நாள்ல வந்தது இல்ல இது. ஒரு மாசம் ஒன்றரை மாசமா ஏதோ உள்ள போயிருக்கு. என்ன தீனி?”

ஏனம்மா பரணைக் காட்டினாள். டாக்டர் ஏணியில் பாதி ஏறி, கட்டுகள் வரிசை வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தார். தேயிலை போல ஒரு வாசனை இறங்கி வந்தது.

“எத்தனை இருக்கு?”

“இருநூத்தி அறுபது.”

“அழகாத்தான் வச்சிருக்கீங்க. ஆனா எது கெடுதல்னு தெரியற வரைக்கும் இதுல ஒரு இலைகூடப் போடாதீங்க.”

“பிரிச்சுப் பார்க்கலாமா?”

“ஒரு கட்டைப் பிரிங்க பார்ப்போம்.”

பிரித்தாள். இலையெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து பலகை இடுக்கில் போனது. கையில் வெறும் காம்பு மிஞ்சியது. இதுதான் காய்ந்த தழையின் சங்கடம். கட்டோடு இறக்கித் தொட்டியில் போட்டால் தீனி. அலசி ஆராய்ந்தால் குப்பை.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு, போன் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பால் வண்டியை நிறுத்திவிட்டு வந்த புருஷன் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டான். தண்ணீர் குடித்தான். வெளியே போய் யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு வந்தான். பிறகு சொன்னான்: “நாளைக்குக் காலையில வியாபாரியை வரச் சொல்லியாச்சு. எல்லாத்தையும் குடுத்துடுவோம்.”

“எல்லாத்தையுமா?”

“பின்ன? பனி விழ இன்னும் பத்து நாள்கூட இல்ல. பரணைத் தொடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வெளியில பச்சை இல்ல. எதைப் போட்டு வளப்ப, உன் கேள்வியைப் போட்டா?”

“ஒரு நாள் பொறுங்க.”

“ஏன்?”

“ஏன்னு தெரிஞ்சா நான் எதுக்குப் பொறுக்கச் சொல்றேன்?”

அவன் சிரிக்கவில்லை. கெட்டவன் இல்லை, களைத்தவன். களைத்த ஆண்கள் சீக்கிரம் முடிவெடுப்பார்கள். அந்த முடிவில் மிச்சமுள்ளவர்கள் வாழ வேண்டும். மிச்சமிருந்த பதினாறில் பதினான்கு அவள் கையில் பிறந்தவை. பாதி ராத்திரியில் கால் மாறி வந்த குட்டியைக் கைவிட்டுத் திருப்பி எடுத்தவள் அவள். நாளைக்கு வியாபாரி வந்து முதுகெலும்பை அமுக்கிப் பார்த்து, கறி எத்தனை கிலோ என்பான்.

அவள் ஆட்டுக் கொட்டிலுக்குப் போனாள். தலைகீழாகக் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

பதினெட்டு ஆட்டுக்கும் ஒரே பரண்தான். மூன்றுக்கு மட்டும் நோய். உள்பட்டிக்குத் தீனி போடுவது அவள். வாசல் பக்கத்து மூன்றுக்குப் போடுவது மாமனார். “கால் வலியோட அவ்வளவு தூரம் நடக்க முடியாது, இந்த மூணையும் நான் பாத்துக்கறேன்” என்று இந்தக் குளிர் ஆரம்பத்தில் அவராகத்தான் கேட்டு வாங்கினார். கால் வலி மூன்று வருடமாக இருக்கிறது. இந்த வருடம் மட்டும் ஏன் கேட்டார்?

ஆடு இலையைத் தின்றுவிட்டுத் தடித்த காம்பை ஒதுக்கிவிடும். அந்தக் காம்புகளை மூலையில் குவித்து அடுப்புக்கு எடுப்பார்கள். அவள் வாசல் பக்கத்துக் குவியலை மடியில் அள்ளிப் போட்டு ஒவ்வொன்றாகத் தடவினாள். காஞ்சொறிக் காம்புக்கு நான்கு பட்டை உண்டு, விரலில் உருட்டினால் தட்டும். தட்டியது. தட்டியது. தட்டியது. அடுத்தது வழுக்கிக்கொண்டு உருண்டது.

உருண்டை. அடியில் லேசாகச் சிவப்பு. நீளவாக்கில் கோடு கோடாக.

அவளுக்குத் தெரிந்த காம்புதான். ரயில் மேட்டில் இடுப்பு உயரம் வளரும், மஞ்சள் பூ, கிழித்துப் போட்ட துணி போல இலை. கிழிசல் செடி என்பார்கள். பச்சையில் ஆடு அதை ஒரு வாய் கடித்துத் துப்பிவிடும். அவ்வளவு கசப்பு.

தூணில் ராத்திரித் தீனிக்காக மாமனார் இறக்கி வைத்த கட்டு ஒன்று தொங்கியது. டாக்டர் வருவதற்கு முன் இறக்கியது. வெளியே பார்த்தால் நல்ல காஞ்சொறி. துணி நாடாவால் கட்டியிருந்தது, அவள் கட்டுவது போலவே. அவிழ்த்தாள். வெளிச்சுற்று காஞ்சொறி. அதற்குள் ஒரு சுற்று மல்பெரி. நட்ட நடுவில், கண்ணுக்குத் தெரியாமல், கிழிசல்.

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கட்டு இல்லை இது, சுவர். பழைய மேஸ்திரிகள் கட்டும் தடித்த சுவர். வெளிமுகத்துக்கு நல்ல கல், உள்முகத்துக்கு நல்ல கல், நடுவில் உடைசலைப் போட்டு நிரப்புவார்கள்.

கட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மாமனார் ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் வைத்தாள்.

“மாமா, இது யார் கட்டின சுவரு?”

அவர் பார்த்தார். ரொட்டி பாலில் ஊறி அமிழ்ந்தது.

“எனக்கென்ன தெரியும்.”

“தெரியாதா? சரி. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். இந்த மாதிரிக் கட்டு பரண்ல எங்க வேணாலும் கலந்து கிடந்திருந்தா, என் பதினஞ்சுல ரெண்டாவது விழுந்திருக்கணும். ஒண்ணுகூட விழலை. அப்ப யாரோ இதை மட்டும் பொறுக்கி எடுத்து மூணு ஆட்டுக்கு மட்டும் போட்டிருக்காங்க. பொறுக்கணும்னா அடையாளம் வேணும். அந்த அடையாளம் என்னன்னு மட்டும் சொல்லுங்க. போதும்.”

“என்னடி விசாரணை நடத்துற? போலீஸா நீ?”

“போலீஸா இருந்தா அடிச்சுக் கேட்டிருப்பேன். நான் வாயாலதான் கேக்குறேன்.”

புருஷன் எழுந்தான். “அப்பா, நீங்களா வச்சீங்க?”

“எவன் சொன்னான்? எல்லாத்தையும் வித்துட்டு அந்தப் பரணைக் கொளுத்துங்கடா. தொல்லை விட்டுது.”

“அதென்ன கொளுத்துறது?” அத்தை கரண்டியோடு வந்து நின்றாள். கட்டைப் பார்த்தாள், நடுவில் கைவிட்டுக் கிழிசலை உருவினாள். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “நாப்பது வருசமா அடுத்தவன் வீட்டுச் சுவருக்குள்ள உடைசலைப் போட்டீங்க. அவன் தலைமேல விழலை, அது அவன் நல்ல நேரம். இப்ப ஆட்டு வயித்துக்குள்ளயும் போட்டாச்சா?”

“வாயை மூடு!”

“மூடுறேன். மூடினா ஆடு எந்திரிச்சு வந்துடுமா?”

அவர் தட்டைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டில் பக்கம் நடந்தார். புருஷன் பின்னால் போகக் கிளம்பினான். ஏனம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

“நீங்க போனா சண்டைதான் வரும். நான் போறேன்.”

கோணக்கொம்பி படுத்துவிட்டிருந்தது. மாமனார் அதற்குப் பக்கத்தில் வைக்கோல் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஏனம்மா வாளியைக் கவிழ்த்து எதிரில் உட்கார்ந்தாள். அவருக்காக அவள் மனம் இளகியது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. இளகவில்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“எப்ப வெட்டுனீங்க? மொட்டுலயா, பூத்த பிறகா?”

அவர் வைக்கோலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். பிறகு, “பூத்த பிறகு” என்றார்.

“எங்க? ரயில் மேட்டுலயா?”

“ம். நீ சந்தைக்குப் போற நாள்ல.”

“இந்தக் காலை வச்சுக்கிட்டா மேட்டுல ஏறுனீங்க?”

“உக்காந்து உக்காந்து ஏறினேன்.” முழங்காலைத் தடவினார். “காஞ்சொறியைப் பச்சையில தொடாத ஆடு காஞ்சதும் தின்னுச்சில்ல. அப்ப கிழிசலும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். போட்டா, ரொம்ப ஆசையா தின்னுச்சும்மா. காஞ்சொறியைவிட ஆசையா. வர்ற வருசம் தீவனக் கடையில சொல்லலாம்னு…”

“நான்தான்னு.”

அவர் தலை குனிந்தார்.

“ஏன் நடுவுல ஒளிச்சீங்க?”

“நீ பார்த்தா வேணாம்பே.”

“வேணாம்னு சொல்லியிருப்பேன்” என்றாள். “ஏன் தெரியுமா? போன வருசமே எனக்கும் இதே நினைப்பு வந்துச்சு. ஒரு செடியைக் காயவச்சு நாக்குல வச்சுப் பாத்தேன். கசப்பே இல்ல.”

அவர் நிமிர்ந்தார். “கசப்பு இல்லைன்னா நல்லதுதானே?”

“காஞ்சொறியில அரிப்பு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். முடி சுருண்டு உதிர்ந்து போச்சு, கண்ணால பாத்தேன். இதுல கசப்பு எங்க போச்சுன்னு தெரியலை. கண்ணாடி வச்சும் தெரியலை. கசப்பு ஆட்டுக்கிட்ட ‘தின்னாத’ன்னு சொல்ற குரல். குரல் மட்டும் போயி, ஆள் உள்ளயே இருந்தா? அந்தப் பயத்துல தூக்கிப் போட்டுட்டேன்.”

“அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

இதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரம் வராத கோபம்.

“யாருகிட்ட? நான் வாயைத் திறந்தா ‘ஏனம்மா வந்துட்டா’ன்னு சிரிக்கிறவர்கிட்டயா? நான் கண்டுபிடிச்சதை உங்க பேர்ல எழுதிக்கிட்டீங்க. சரி, எடுத்தீங்க. ஆனா முழுசா எடுக்கலை மாமா. பேரை மட்டும் எடுத்தீங்க. நாக்குல வச்சுப் பாத்ததை எடுக்கலை, பத்து நாள் காத்திருந்ததை எடுக்கலை. அதான் மூணு உசுரு.”

கோணக்கொம்பி கழுத்தை நீட்டி மூச்சு விட்டது. மாமனார் அதன் வளைந்த கொம்பைப் பிடித்துக்கொண்டார். காலம் முழுக்கப் பூச்சுக் கரணை பிடித்த கை, பிடித்ததை விடவில்லை.

“காம்பு நுனியைப் பாரு” என்றார் கடைசியில். “செங்கல்லால ஒரு கோடு இழுத்திருப்பேன். நாப்பத்தஞ்சு கட்டுல போட்டேன். எத்தனை மிச்சம்னு தெரியலை.”

அவள் எழுந்தாள். அவரும் எழுந்தார். “நீ ஏறாத. எனக்குத்தான் இடம் தெரியும்.”

மகன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அத்தை கீழேயிருந்து டார்ச் அடிக்க, உட்கார்ந்து உட்கார்ந்து அவர் ஏறினார். ஒவ்வொரு கட்டாக நுனியைத் திருப்பிப் பார்த்து, சிவப்புக் கோடு இருப்பதை அவிழ்த்துக் கொடுத்தார். ஏனம்மா வாங்கிச் சாக்கில் போட்டாள். பதினேழு வந்தது. பிறகு கோடு இல்லாத கட்டுகளில் தன் இஷ்டத்துக்குப் பத்தைப் பொறுக்கி அவள் பிரித்துப் பார்த்தாள். இலை உதிர்ந்தது, உதிரட்டும் என்று விட்டாள். பத்திலும் நடுவில் கிழிசல் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னாள். டாக்டர் இரண்டு முறை திரும்பக் கேட்டுவிட்டு, “அப்ப மிச்சத்தைப் போடலாம். முதல்ல ஒரு ஆட்டுக்குப் போட்டுப் பாருங்க” என்றார்.

“அது எனக்குத் தெரியும்” என்றாள்.

காலையில் வியாபாரி லாரியோடு வந்தான். வாசலிலேயே புருஷன் சொல்லிவிட்டான், விற்கவில்லை என்று. வியாபாரிக்கு எரிச்சல்.

“டீசல் போட்டுக்கிட்டு வந்திருக்கேன். சீக்கு ஆடுன்னு சொன்னீங்க, இப்ப இல்லைங்கறீங்க. என்னதான் ஆச்சு?”

புருஷன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“நான்தான்” என்றார். “தெரியாம ஒரு செடியைப் போட்டுட்டேன். மஞ்சப் பூவு, கிழிசல். காஞ்சாலும் அது விஷம். உன் ஆளுங்ககிட்டயும் சொல்லு.”

“காஞ்சொறி கண்டுபிடிச்ச மேஸ்திரியா இப்படிச் செஞ்சது?”

ஏனம்மா சொம்போடு கொட்டில் வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை.

“அது…” என்றார் மாமனார், “அது நாங்க…”

“நாங்க இல்ல மாமா” என்றாள்.

அத்தை மாவு சலிப்பதை நிறுத்தினாள்.

“இவ” என்றார் அவர், அவள் பக்கம் கையைக் காட்டாமல். “காஞ்சொறி இவ கண்டுபிடிச்சது.”

வியாபாரிக்கு இதெல்லாம் எதற்கு? டீசலைப் பற்றி இன்னும் நான்கு வார்த்தை திட்டிவிட்டு வண்டியைத் திருப்பினான். கோணக்கொம்பி அன்று மத்தியானம் செத்தது. குழியை மகன் வெட்டினான். மண்ணை மாமனார் தள்ளினார், கரணையால் சமன் செய்தார், வழக்கம் போல மட்டமாக.

பதினேழு கட்டுகளையும் எரித்தார்கள். ஏனம்மா அதிலிருந்து ஒரே ஒரு காம்பை இலையோடு உருவி, மூடி இறுகிய டப்பாவில் போட்டு, மேல் அலமாரியில் வைத்தாள். பனி விழுந்த அன்று, ஆடுகள் காஞ்சொறியை மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்த நேரத்தில், டாக்டருக்குப் போன் போட்டாள்.

“ஆடு ஏதாச்சும் படுத்திருச்சா?” என்று பதறினார் டாக்டர்.

“இல்லம்மா, பதினஞ்சும் நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கணும். அந்தச் செடி காஞ்சா கசப்பு போயிடுது, விஷம் போக மாட்டேங்குது. ஏன்?”

அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம் கேட்டது.

“தெரியலையே” என்றார் டாக்டர். “படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

“பாருங்க. வர்ற வாரம் நானே கூப்பிடுறேன்.”

கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மாமனார் கேட்டார்: “என்ன சொன்னாங்க?”